ரப்பர் வேண்டாம் என்று சொன்னவன்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டால் "ம்" என்பாய். அதனால் கேட்டதாகவும் நீ "ம்" சொன்னதாகவும் வைத்துக்கொள்கிறேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் அம்மா போன இந்த எட்டு மாதத்தில் நாம் நாலு தடவை பேசியிருப்போம். நாலு தடவையும் மூன்றாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் கட் செய்துவிட்டோம். கடிதத்தைக் கட் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். தவளையைச் சரிசெய்யப் போகிறேன். இரண்டு வருஷமாகக் கீழ்த்தளத்தில் படுதா போர்த்திக் கிடந்ததை நேற்று இழுவை வண்டி வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அது போகிறதைப் பார்த்த வாட்ச்மேன், "இதுக்குள்ள கார் இருந்துச்சா மேடம்? நான் சிமெண்ட் மூட்டைன்னுல்ல நெனச்சேன்" என்றார். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அந்தப் பெயர் அவள் வைத்ததுதானே. அந்த ரெட்டை சீட் ஸ்போர்ட்ஸ் காருக்குள் இறங்கும்போதெல்லாம் "கார்ல ஏறுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், இதுல குதிக்கணும் போல இருக்கே. காரா இது, தவளை!" என்பாள்.

பட்டறைக்காரர் தடிக் கண்ணாடி போட்டவர், பேச்சு ரொம்பக் குறைவு. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினைத் தாங்குகிற மவுண்ட் மூன்றும் உட்கார்ந்துவிட்டது, சக்கரத்து மூட்டுகளில் மெத்தை மாதிரி இருக்கிற சஸ்பென்ஷன் புஷ் அத்தனையும் மாற்ற வேண்டும் என்றார். கம்பெனி இந்த மாடலுக்குச் சாமான் செய்வதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறதாம். வெளி ஆட்கள் செய்வதுதான் கிடைக்கும். அதிலும் மூன்று ஜாதி. பழையது மாதிரியே மெத்தென்ற ரப்பர், கொஞ்சம் கெட்டியான ரப்பர், நீ பந்தயக் கார்களுக்குப் போடுகிற, கல் மாதிரி இருக்கிற அந்த மஞ்சள் கலர் பிளாஸ்டிக், பாலி. "எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார். நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். எலும்பைக் காட்டினால் சொல்வேன். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற மெத்தை எக்ஸ்ரேயில் தெரியாது.

அதனால் உன்னைக் கேட்கிறேன். கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் கடிதம்.

தவளைக்கு நீ முதலில் பாலிதான் போட்டிருந்தாய். அம்மா "பல்செட்டு தாளம் போடுது, நான் வரல" என்று சொன்னதால் ரப்பருக்கு மாற்றச் சொல்லி உன் உயிரை எடுத்தவள் நான். "வேணாம்க்கா, இந்த வண்டிக்கு ரப்பர் தாங்காது" என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. ஐந்தே மாதம். மழை நின்ற ஒரு காலையில், நான் ஓட்டிப் போகையில், சின்ன வளைவில், பின்பக்கம் தானாக விலகிப் போய், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் சுவரில் மோதியது. அம்மாவின் இடுப்பு எலும்பு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாக்கள் எல்லோர் முன்னாலும் நீ "நான் அப்பவே சொன்னேன், ரப்பர் வேணாம்னு" என்றபோது உன்னை அறையலாம் போல இருந்தது.

நீ சொன்னது சரி. கேட்காதது என் தப்பு. இந்த இரண்டு வரியை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. மன்னித்துக்கொள். இந்த முறை நீ எதைச் சொல்கிறாயோ அதையே போடுகிறேன்.

அக்கா

•

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

"ம்."

கடிதம் வந்தது. இங்கே யாருக்கும் கடிதம் வருவதில்லை. அதனால் பட்டறையில் எல்லோரும் என்னைக் கோர்ட்டில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். அக்கா எழுதியிருக்கிறாள் என்றேன். அதற்கும் அதே முகத்தை வைத்துக்கொண்டு பாவம் என்றார்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ அதை எழுதியிருக்க வேண்டாம். நிஜமாகவே வேண்டாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எஞ்சின் மவுண்டுக்குப் பாலி போட்டால் கியர் பளிச்சென்று விழும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் குலுங்காமல் வண்டி பாயும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி நடுங்கும், ஸ்டியரிங் நடுங்கும், உன் கண்ணாடிக்காரரின் கண்ணாடியும் நடுங்கும். ரப்பர் போட்டால் எல்லாம் சுகம், கியர்தான் கொஞ்சம் சோம்பேறி. பாலியில் இன்னொரு தலைவலி, கிரீஸ் காய்ந்தால் எலி மாதிரிக் கீச்சுக் கீச்சென்று கத்தும். இரண்டிலும் நல்லது இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் வண்டியை விற்றுவிடு. யாராவது பைத்தியக்காரன் இருந்த நிலையிலேயே வாங்கிக்கொள்வான். இரண்டு வருஷம் நின்ற வண்டி. அதைப் பிரித்தால் ஒன்றைத் தொட ஒன்பது வரும். நீ ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்? கழற்றாமல் அப்படியே கொடுத்துவிடு.

சாப்பாடு பரவாயில்லை. தூக்கம் பரவாயில்லை.

தம்பி

•

பிப்ரவரி 24

தம்பிக்கு,

உறுதியாகச் சொல்ல முடியாதாம்! மோரில் உப்புக் குறைவு என்பதைக்கூட மேடை போட்டுச் சொல்கிறவன் நீ. யாரிடமாவது உதை வாங்கினாயா?

விற்க மாட்டேன். ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன், சிரிக்காதே.

அந்தக் காலைக்குப் பிறகு நான் ஓட்டுவதை விட்டுவிட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். உண்மை அது இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து என் வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம் ஒரு சின்னக் காரை வாங்கினேன். உயரமான சீட், அகலமான கதவு, வாக்கரை மடித்து வைக்க இடம். நடைப்பயிற்சிக்கு வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டும் இல்லையா? முதல் நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "டாக்ஸி கூப்பிடும்மா" என்றாள். கெஞ்சினேன். நாற்பதுக்கு மேல் போக மாட்டேன் என்றேன். "உன் வண்டி வேணாம், டாக்ஸி கூப்பிடு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அதற்கப்புறம் சாகும்வரை நான் ஓட்டிய எதிலும் அவள் ஏறவில்லை. பதினாலு மாதம். நான் டாக்ஸியில் முன் சீட்டில், அவள் பின் சீட்டில். அந்தச் சின்னக் காரை ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய இடுப்பை நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். "மூச்சை அடக்கிக்கோங்கம்மா" என்று மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியேதான் சொல்வேன். திரையில் அந்தத் தகடும் ஆணிகளும் வரும். ஒவ்வொரு ஆணியையும் நானே அடித்தது போல இருக்கும்.

அம்மாவை எடுத்த அன்று பெரிய மாமா கூட்டத்தில் வைத்து என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "நல்லா நடந்துக்கிட்டு இருந்தவளை இவ காரோட்டி படுக்க வெச்சுட்டா." நீ பக்கத்தில்தான் நின்றாய். தலையைக் குனிந்துகொண்டாய். என் மேல் இருந்த கோபத்தில்கூட எனக்காகக் கூசிப் போகிறானே என்று நினைத்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தவளை சரியாகி, அதே வளைவில், கை நடுங்காமல் ஒரே ஒரு முறை திரும்ப வேண்டும். அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறேன். இந்த முறை தப்பு செய்யப் போவதில்லை. மவுண்ட், புஷ் எல்லாமே பாலி. உன் வாயிலிருந்து வரவில்லை என்றாலும் உன் பழைய வார்த்தைதான். மாதக் கடைசியில் ஆர்டர் கொடுக்கிறேன்.

அக்கா

•

மார்ச் 1

அக்கா,

ஆர்டர் கொடுத்துவிட்டாயா? கொடுக்காவிட்டால் நிறுத்து. கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பு.

பாலி வேண்டாம். ரப்பரே போடு, கம்பெனி போட்டிருந்த அதே கெட்டியில். நீ அதைப் பந்தயத்துக்கா கொண்டுபோகப் போகிறாய்? ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு ரப்பர் தாங்கும். பத்து வருஷம் தாங்கும்.

இன்னொன்று. இதைக் கண்ணாடிக்காரரிடம் மறக்காமல் சொல்லு. சஸ்பென்ஷன் போல்ட்டுகளை லிஃப்டில் தூக்கி வைத்துக்கொண்டு முழுசாக இறுக்கக் கூடாது. கையால் பிடிக்கிற அளவுக்கு வைத்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் பக்கத்தில் நின்று பார்.

ஏன் என்று என்னைக் கேட்காதே.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். மற்ற மூன்றும் இதைவிட நீளம்.

தம்பி

•

மார்ச் 9

தம்பிக்கு,

கேட்காதே என்றாய். உன்னைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டேன்.

நீ சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே போய், தவளையில் இருந்து கழற்றின பின்பக்கத்துப் பழைய புஷ்ஷை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ரப்பர் சுற்றிலும் கிழிந்து, நடு இரும்பு தனியாகக் கழன்று வந்திருந்தது. கிழிசல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஈரத் துணியை முறுக்கினால் மடிப்பு எப்படிச் சாயும், அந்த மாதிரி.

"இது ரப்பரோட குத்தம் இல்லம்மா" என்றார். "பாலி புஷ் கிரீஸ்ல சுத்தும், அதை எந்த நெலைல இறுக்குனாலும் கவலை இல்ல. ரப்பர் ரெண்டு பக்கமும் இரும்போட ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிட்டா, வண்டியைக் கீழ எறக்குனதுல இருந்து முறுக்கிக்கிட்டே நிக்கும். நாலஞ்சு மாசத்துல கிழிஞ்சிரும். கிழிஞ்சா பின்சக்கரம் அது பாட்டுக்குத் திரும்பும். நீங்க எவ்வளவு மெதுவா போனாலும் திரும்பும்."

அப்புறம் ஒன்று கேட்டார். அவர் கேட்டதை நான் உன்னிடம் கேட்கிறேன்.

"இதை இறுக்குனது யாரும்மா?"

அக்கா

•

மார்ச் 15

அக்காவுக்கு,

நான்தான்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் உனக்கும் எனக்கும் சுலபமாக இருக்கும். எனக்குத் தெரியும். தொழில் பழகிய முதல் வருஷமே தெரியும். ஆனால் நாலு வருஷமாகப் பந்தயக் கார்கள் மட்டும்தான் என் லிஃப்டில் ஏறின. எல்லாம் பாலி. தூக்கு, மாட்டு, அங்கேயே இறுக்கு, இறக்கு. கை அப்படிப் பழகிவிட்டது. அன்றைக்கு உன் மேல் வேறு கோபம். நான் ஆசையாகச் செய்த வேலையைப் பல்செட்டுக்காகப் பிரிக்கச் சொல்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே இறுக்கினேன். கடைசிப் போல்ட்டில்தான் ஞாபகம் வந்தது. இறக்கிவிட்டு, தளர்த்தி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் பந்தய டீம் ஆட்கள் இரண்டு காரோடு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைத்தான் நான் ஒரு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தவளையை இறக்கி ஓரமாக விட்டேன். சாயங்காலம் நீ வந்து சாவியை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்டா, அம்மா சந்தோஷப்படுவா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

வராந்தாவில் நான் அப்படிப் பேசியபோது எனக்கு இது ஞாபகத்தில் இல்லை. சத்தியமாக இல்லை. ரப்பரால்தான் என்று உண்மையாகவே நம்பினேன். நாலாம் நாள் வண்டியை என் ஷெட்டுக்கு இழுத்து வந்து ஜாக்கி போட்டபோதுதான் பார்த்தேன். புஷ் முறுக்கிக் கிழிந்திருந்தது; தளர்த்தி மறுபடி இறுக்காமல் விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் புஷ்ஷைக் கழற்றி எறிந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கை வரவில்லை. படுதாவைப் போர்த்தி உன் கீழ்த்தளத்தில் கொண்டுவந்து விட்டேன். நீ என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம் ஒரு பக்கம், கண்டுபிடித்துவிட மாட்டாயா என்ற ஏக்கம் ஒரு பக்கம். இரண்டோடும்தான் கடையை மூடிவிட்டு இந்த ஊருக்கு ஓடி வந்தேன்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் மறுபடி பாதி உண்மை ஆகிவிடும்.

அம்மாவுக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள், நீ மாத்திரை வாங்கப் போயிருந்தபோது சொல்லிவிட்டேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னை அழுது முடிக்க விட்டாள். அப்புறம், "யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்றாள். இல்லை என்றேன். "சொல்லாத. வண்டி ரிப்பேர் பண்றவன் கையால பெத்த தாய்க்கே இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா எவன் உன்கிட்ட வண்டி விடுவான்? உனக்கு அந்தக் கடையை விட்டா வேற என்ன தெரியும்?" என்றாள். "அக்கா மேல பழி விழுதேம்மா" என்றேன்.

"அவ தாங்கிப்பா" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தை நிம்மதியாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. அம்மா சொல்லிவிட்டாள் என்று அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை. அம்மாவைக் குறை சொல்லவில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னதும் சரி என்று தலையாட்டியது நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் உன் காரில் ஏறாதது பயத்தால் இல்லை. ஒரு முறை நான் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டேன், "ஏம்மா அவளை இப்படி நோகடிக்கிற, ஒரு தடவை ஏறேன்" என்று. "அவ பக்கத்துல தனியா உக்காந்தா என் வாய் சும்மா இருக்காது. சொல்லிடுவேன். டாக்ஸின்னா டிரைவர் இருப்பான்" என்றாள்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். பெரிய மாமா வீட்டுக்குத்தான் முதலில் போவேன். அன்றைக்குக் கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவேன். உன் வீட்டுக்கு வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

தம்பி

•

ஏப்ரல் 11

தம்பிக்கு,

பெரிய மாமா வந்தார். நீ எல்லாவற்றையும் சொன்னதாகச் சொன்னார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "போனது போச்சு, இனிமே அதைக் கெளறி என்ன ஆகப்போவுது" என்றார். இரண்டு வருஷமாகக் கிளறியவர் அவர்தான். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எதை எழுதினாலும் திட்டாக இருந்தது. இப்போதும் கோபம் போகவில்லை. என்னை ஏமாற்றியதற்காகக்கூட இல்லை. போல்ட்டை மறந்தது தப்பு. வேலை செய்கிற கை என்றைக்காவது தவறத்தான் செய்யும். நானும் ஒரு தடவை இடது காலுக்குப் பதில் வலது காலைப் படம் எடுத்திருக்கிறேன். அதை மன்னிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

அம்மா நினைத்தது சரிதான். நான் தாங்கிப்பேன். தாங்கிக்கொண்டேன். ஆனால் தாங்குவாயா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டிருந்தால் ஊருக்கெல்லாம் நானே சொல்லியிருப்பேன், என் தப்புதான், வேகமாகப் போனேன் என்று. பெரிய மாமா என்ன பேசினாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பேன். உன் கடை இருந்திருக்கும். நீ இந்த ஊரிலேயே இருந்திருப்பாய். அம்மாவும் பதினாலு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பாள். உங்கள் இரண்டு பேருக்கும் நான் அவ்வளவு வேற்றாள் ஆகிப்போனேனா? அதுதான்டா ஆறவில்லை.

தவளைக்கு ரப்பர்தான் போட்டேன். தரையில் இறக்கி இறுக்கும்போது பக்கத்தில் நின்றேன். அந்த வளைவில் போய்த் திரும்பினேன். கை நடுங்கவில்லை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை, ஒரு ரோட்டில் திரும்பியது போல இருந்தது.

இப்போதைக்கு வராதே. நீ வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன், அதோடு எல்லாம் முடிந்துவிடும். இது அவ்வளவு சீக்கிரம் முடியக் கூடாது.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி எக்ஸ்ரேக்குப் போன நாள். டாக்ஸியில் நான் முன்னால், அம்மா பின்னால். பாதி வழியில் அம்மா பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள். எடுக்கவே இல்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். "அம்மாடி" என்றாள், அவ்வளவுதான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவரிடம், "கொஞ்சம் மெதுவா போங்கண்ணா, அம்மா பயப்படுறாங்க" என்றேன்.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

அக்கா